வேலை நாடிச் செல்லும் இளைஞருக்கு

(நம் சங்கத்தின் கும்மிடிப்பூண்டிக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வேலைக்குரிய நேர்முகப் பரீக்ஷைக்கு ஆயத்தம் செய்துகொள்வது எவ்வாறு என்பது இன்று எமக்கு இடப்பட்ட விஷயம். இதைப்பற்றிப் பேச எமக்குள்ள யோக்கியதை ஒன்றே. நம் சங்கத்தின் பெயரால் நெடுங்காலம் சிபாரிசுக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தவர்களுள் யாமும் ஒருவராவோம். ஆதலால் எம் குற்றத்தை முதலிற் சொல்லிவிட்டுப் பிறகு உங்களுக்குப் புத்தி சொல்லப் புகுவதே முறையென்று எண்ணுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் ஒருவர் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு எம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். பையன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் தொழிலை இரண்டு வருஷம் பயின்று சான்றிதழும் பெற்றவன். எமக்குப் பழக்கமான அதிகாரி ஒருவர் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். அவருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தோம். பையனை ஒரு கேள்வியும் கேளாமலே எழுதினோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அதிகாரியும் எம் முகத்துக்காக ஒரு கேள்வியும் கேளாமலே அவனை எடுத்துக்கொண்டார். மூன்றாம் மாதம், அவன் அளந்து சரியென்று அனுப்பிய உருப்படிகள் பலவும் அளவு தவறியவையென்று திரும்பி வந்தன. விசாரித்ததில், அவனுக்கு மைக்ரோமீட்டரைப் பார்த்து அளவு சொல்லவே தெரியாதென்பது வெளிப்பட்டது. அவன் பயின்ற இடத்தில் அக்கருவி கண்ணாடி அலமாரிக்குள் வீற்றிருந்ததாம். பரீக்ஷையன்று ஒருமுறை வெளியே வந்ததாம்!

பையன் வீடு திரும்பினான். அதனோடு முடிந்திருந்தால் ஒருவனுக்கு வந்த நஷ்டமென்று விட்டுவிடலாம். அடுத்த வருஷம் வேறொரு பிள்ளை, உண்மையாகவே கைத்தேர்ச்சியுள்ளவன், எம் கடிதத்தோடு அதே வாயிலுக்குப் போனான். கடிதத்தைக் கண்டதும் இடமில்லையென்று சொல்லிவிட்டார்கள். எம் கையெழுத்து அவனுக்கு உதவாமற் போனதோடு நில்லாமல், அவன் வழியில் குறுக்கேயும் நின்றது. அன்று முதல் யாம் எவருக்கும் சிபாரிசு எழுதுவதில்லை. அதன் பொருட்டு எம்மோடு பேச்சை நிறுத்திக்கொண்ட உறவினர் சிலர் இச்சபையிலேயே இருக்கின்றனர். அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நம் வட்டாரம் தொழிலுக்குப் புதியதன்று. 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வண்டிகளைக் கட்டத் தொடங்கிற்று. 1965-ல் ஆவடியில் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அக்காலத்திலேயே அம்பத்தூரிலும் தொழிற்பேட்டை எழுந்தது. 1971-ல் சிப்காட் நிறுவனம் ஏற்பட்டபின் கும்மிடிப்பூண்டியிலும் அதன் வளாகம் வந்து, இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் பெருகின. திருவள்ளூர்ப் பக்கத்தில் 1998 முதல் மோட்டார் கார்கள் செய்யப்பட்டன. காக்களூரில் சிறுதொழிற் கூடங்கள் நிறைந்தன. தேர்வாய்க் கண்டிகையில் டயர் ஆலை எழுந்தது. இத்தனையும் நம் வாயிற்படியில் இருக்க, நம் பிள்ளைகளுள் பலர் வேலையின்றித் திரிவதேன் என்று பெற்றோர் எம்மைக் கேட்கின்றனர். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்தவர்களே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்களென்று சிலர் சினக்கின்றனர். உலையின் முன் நின்று அவர்கள் வேகின்ற வேக்காட்டை ஒருமுறை கண்டவர்கள் அவ்வாறு பேசமாட்டார்கள். அந்த வேலையை நம் பிள்ளைகள் கேட்கவுமில்லை. அவர்கள் கேட்பது அளவுக் கருவியும் யந்திரமும் மின்சாரமும் சார்ந்த வேலை. அதற்கு வாயில் திறந்தேயிருக்கிறது. ஆனால் வாயிலில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்.

அக்கேள்விக்கு நம் இளைஞர் செய்துகொள்ளும் ஆயத்தம் யாது? "மை ஸெல்ப் இன்னார்" என்று தொடங்கும் ஆங்கிலப் பாடமொன்றை நெட்டுருச் செய்வதே. பொழுதுபோக்கு யாது, பலம் யாது, பலவீனம் யாது என்று பத்து வாக்கியங்கள். பத்துப் பேர் போனால் பத்துப் பேரும் அதையே ஒப்பிக்கின்றனர்; எதிரிலிருப்பவர் கொட்டாவி விடுகின்றார். 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் தம்மிடம் வேலை நாடி வந்தவர்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட வினாக்கள் அடங்கிய தாளொன்றை அளித்தார். அவ்வினாக்கள் பத்திரிகைகளில் வெளிப்பட்டு ஊரெங்கும் பேச்சாயின. அவ்வருஷம் அங்கே சென்றிருந்த ஐன்ஸ்டீனிடம் அவற்றுள் ஒன்றாகிய சப்தத்தின் வேகத்தைக் கேட்டபோது, புத்தகத்திற் கிடைப்பதை நினைவிற் சுமப்பதில்லையென்று அவர் விடையளித்தாராம். ஐன்ஸ்டீன் அவ்வாறு சொல்லலாம். பிட்டர் வேலைக்குப் போகிறவன் வெர்னியரின் நுண்ணளவைக் கேட்டால் அவ்வாறு சொல்லலாகாது!

எனவே இளைஞர்காள், நீங்கள் முதலில் ஆயத்தப்படுத்த வேண்டியது நாவையன்று, கையை. மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டரில் நூறிலொரு பங்கை, அதாவது 0.01 மில்லிமீட்டரைக் காட்டுவது. சாதாரண வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் காட்டும். இதைச் சொல்லப் பலருக்குத் தெரியும். ஆனால் கருவியைக் கையிற் கொடுத்தவுடன் இரு முகங்களையும் துடைத்துச் சேர்த்து, பூச்சியத்தில் நிற்கிறதா என்று முதலிற் பார்க்கிறவன் நூற்றில் எத்தனை பேர்? கேள்வி கேட்பவர் உங்கள் விடைக்கு முன்பே அந்தச் செய்கையைப் பார்த்துவிடுகிறார். துளையிடும் துரப்பணத்தின் முனைக் கோணம் சாதாரணமாக 118 பாகை என்று சொன்னால், ஏன் என்று அடுத்த கேள்வி வரும். உலோகத்துக்கேற்ப அது மாறுமென்று தீட்டிப் பார்த்தவன் சொல்லுவான், மனப்பாடம் செய்தவன் விழிப்பான். பற்றவைப்புக்குப் போகிறவன் தான் வைத்த பற்றுக்களுள் ஒன்று எவ்வாறு கெட்டது, எதனாற் கெட்டது என்பதைச் சொல்ல ஆயத்தமாயிருக்கட்டும். கெட்ட வேலையைப் பற்றித் தெளிவாய்ப் பேசுகிறவனை மேஸ்திரிகள் விரும்புவதை யாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

ஆங்கிலம் வேண்டாமென்று சொல்ல வந்தோமில்லை. கருவிகளின் பெயரையும் யந்திரத்தில் ஒட்டியுள்ள எச்சரிக்கையையும் படிக்கும் அளவு ஆங்கிலம் இன்றியமையாதது. ஆனால் செய்த வேலையை விவரிக்கும்போது திணறுகிற ஆங்கிலத்தைவிடத் தெளிந்த தமிழே மேல். "தமிழில் சொல்லலாமா, ஐயா?" என்று கேட்பதில் இழிவில்லை. அவ்வாறே, தெரியாததைத் தெரியாதென்று சொல்லுவதிலும் இழிவில்லை. யந்திரத்தின் முன் தெரிந்ததாய் நடிக்கிறவன் விரலை இழப்பான். அதை அறிந்தே அவர்கள் இடையில் ஒரு கடினமான கேள்வியை வைக்கின்றனர்.

உடை, சிகை முதலியவற்றைப் பற்றி உங்கள் தாய்மாரே எம்மைவிட நன்றாய்ச் சொல்லுவர். முந்தின நாளே ஒருமுறை சென்று தொழிற்சாலை வாயிலைப் பார்த்து வருவது நலம். ரயிலடியில் இறங்கியபின் உள்ள தூரத்தைக் கணக்கிடாமல் வியர்வையோடு ஓடி வந்தவர் பலர்.

காகிதங்களைப் பற்றி மாத்திரம் விரிவாய்ச் சொல்ல வேண்டும். நம் வழக்கத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து பள்ளிச் சான்றிதழில் முன்னே நிற்கும். ஆதார் அட்டையிற் பின்னே போகும். வங்கிக் கணக்கிலே முழுப் பெயராய் விரிந்து கிடக்கும். ஒருவரே மூவராய்த் தோற்றுவர்! வேலை கிடைத்தபின் சேமநிதிக் கணக்கில் இப்பிழை ஏறிவிட்டால், பணம் எடுக்கும் நாளில் படும் பாடு சொல்லி முடியாது. பரீக்ஷைக்கு முன்னரே இவற்றை ஒன்றுபடுத்திக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. "உனக்கு ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்று அவர்கள் இறுதியில் வினவும்போது நம் பிள்ளைகள் தலையை ஆட்டி எழுந்து வந்துவிடுகின்றனர். எமது அபிப்பிராயத்தில் அதுவே பெரும் பிழை. எம்மை வேலைக்கு அமர்த்துவது தொழிற்சாலையா, ஒப்பந்தக்காரரா என்று பணிவாய்க் கேளுங்கள். வாயிலில் தொங்கும் பெயரொன்று, சம்பளச் சீட்டிலுள்ள பெயர் வேறொன்று என்பதை ஆறு மாதம் கழித்து அறிந்தவர்கள் இக்கூட்டத்திலேயே உண்டு. 1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி எடுத்தால் நீங்கள் பயிற்சியாளரேயன்றித் தொழிலாளியல்லர். உதவித்தொகை உண்டு, வேலை நிச்சயமில்லை. அது தாழ்ந்ததென்று சொல்லவில்லை, அறிந்து சேருங்கள் என்கிறோம். சொல்லுகிற சம்பளம் மொத்தமா, கைக்கு வருவதா என்பதையும் கேளுங்கள். சேமநிதிக்கு நூற்றுக்குப் 12, ஈ.எஸ்.ஐ.க்கு உரியவராயின் நூற்றுக்கு முக்கால் உங்கள் பங்காய்க் கழியும். இவை கழிவது நன்மைக்கே. கழியாத இடமே சந்தேகத்துக்குரியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கொடுப்பது வேலை தருவோரின் கடமை. பெண்மக்கள் இரவு முறையையும் வண்டி வசதியையும் கேட்கத் தயங்க வேண்டா. வேலை வாங்கித் தருவதாய் முன்பணம் கேட்பவன் நம்மவனேயாயினும் ஒரு காசும் கொடாதீர்.

நம்மவன் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரிலிருப்பவர் நம் குலத்தவரென்று எவ்வாறோ அறிந்து, நடுவிலே ஊரையும் உறவையும் இழுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவர் நல்லவராயின் கூசுவார், அல்லராயின் இசைவார். இரண்டும் உங்களுக்கு வேண்டா.

கடிதத்துக்குப் பதிலாகச் சங்கம் செய்யத்தக்கது யாதெனக் காரியதரிசியவர்களோடு கலந்து பேசினோம். தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் அங்கத்தினர் நால்வர், ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு இம்மண்டபத்தில் அமர்ந்து இளைஞரை ஒவ்வொருவராய் அழைத்துக் கேள்வி கேட்க இசைந்துள்ளனர். பிற சமூகத்துப் பிள்ளைகள் வந்தாலும் தடையில்லை. மைக்ரோமீட்டர் இரண்டும் வெர்னியர் ஒன்றும் வாங்கியாயிற்று. அவற்றை அலமாரியில் வைப்பதில்லையென்று தீர்மானம். வருகிறவர்கள் சான்றிதழ்களின் மூலங்களையும், தாம் கையாற் செய்த உருப்படி ஏதேனும் இருந்தால் அதையும் கொண்டுவரக் கோருகிறோம். முதற் கேள்வி அதைப் பற்றியே இருக்கும்.