விளையாட்டுக்கும் புள்ளி உண்டு
(பரிசளிப்பு விழா உரை)



"ஆட்டமா சோறு போடும்? உக்காந்து படிடா!" நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நாம் அடிக்கடி சொல்லுகிற பேச்சு இது. ஆனால், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும்போது தகுதிப் புள்ளி நூற்றில் 90தான் தேர்வுக்கு. மீதி 10 விளையாட்டு, கழகம், சீருடை இயக்கம் ஆகிய புறப்பாட நடவடிக்கைக்கு. பயிற்சிக்கு ஒழுங்காக வந்தாலே அதில் புள்ளி சேரும். ஒரு புள்ளியில் கேட்ட துறை கைநழுவும்போது, பத்தையும் கோட்டை விடலாமா?

டாக்டர் மணி ஜெகதீசன் மருத்துவம் படித்தவர். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. ஓட்டம் அவர் படிப்பைக் கெடுத்ததா?

பெற்றோர்களே! இடைநிலைப்பள்ளியில் மாலைப் பயிற்சி முடிவதற்குள் பஸ் போய்விடும் என்று பிள்ளையை, முக்கியமாகப் பெண்பிள்ளையை, நிறுத்திவிடாதீர்கள். நாலு குடும்பம் சேர்ந்து முறைவைத்து அழைத்து வாருங்கள். சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். மாணவர்களே, புத்தகத்தோடு திடலையும் மறவாதீர்கள்.