பற்றை என்று வெட்டாதீர்கள்



கனடாவின் ஸ்காபரோவில் குடியிருக்கும் நமக்கு ரூஜ் ஆறு அயலில்தான் ஓடுகிறது. 2015இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசிய நகர்ப்புறப் பூங்கா ஆனது. பிள்ளைகுட்டிகளோடு நடக்கப் போகிறோம். மானைக் கண்டால் நின்று படம் எடுக்கிறோம். ஆனால் கரையோரச் சேற்றில் கால் புதைத்து நிற்கிற ஒரு செடியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டால், "அது சும்மா பற்றை" என்கிறோம். அந்தப் பற்றைக்காகப் பரிந்து பேசத்தான் இன்று இந்த மேடைக்கு வந்தேன்.

அதன் பெயர் புசி வில்லோ. வசந்தம் வரும்போது கடைகளில் கட்டுக்கட்டாக விற்கிறார்களே, சாம்பல் நிறப் பஞ்சு மொட்டு வைத்த குச்சிகள், அதுதான். நாம் அழகுக்கு வாங்கிச் சாடியில் வைக்கிறோம். ஆற்றங்கரையில் அந்த மொட்டுக்கு வேறு வேலை இருக்கிறது.

மார்ச் கடைசியில் இந்த ஊர்க் குளிரை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மரங்களில் இலை இல்லை, தோட்டத்தில் பூ இல்லை. அந்த வேளையில்தான் பம்பிள் தேனீயின் ராணி மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வருகிறாள். அவள் பிறந்த கூட்டில் இருந்த வேலைக்காரத் தேனீக்கள் போன இலையுதிர் காலத்தோடு செத்துப்போயின. இனி வரப்போகும் குடும்பம் முழுவதும் அவள் ஒருத்தியை நம்பித்தான் இருக்கிறது. அவளுக்கு இப்போதே தேன் வேண்டும், இப்போதே மகரந்தம் வேண்டும். யார் கொடுப்பது? தனக்கு ஓர் இலைகூடத் துளிர்க்குமுன் பூத்து நிற்கிறதே, இந்தப் பற்றை கொடுக்கிறது! வில்லோ மகரந்தத்தை மட்டுமே சேர்க்கிற சிறு காட்டுத் தேனீக்களும் உண்டு. செடி போனால் அவையும் போய்விடும்.

இலையைப் பாருங்கள். அமெரிக்காவின் நடு அத்திலாந்திக் பகுதியில் கணக்கெடுத்தபோது, வில்லோக்களை உண்டு வளரும் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் 450 வகைக்கு மேல் இருந்தன. புழு இருக்கும் இடத்துக்குக் குருவி வராமல் இருக்குமா? தென்திசையிலிருந்து திரும்பி வரும் மஞ்சள் வார்ப்ளர் இந்தப் பற்றைக்குள்ளேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது.

அந்தப் புழுக்களில் வைஸ்ராய் வண்ணத்துப்பூச்சியின் புழு ஒரு கெட்டிக்காரன். குளிர் வருமுன் ஓர் இலையின் நுனியைக் கடித்துக் கழித்து, அடிப்பாகத்தைக் குழலாகச் சுருட்டி, உள்ளே பட்டு நூலால் மெழுகுகிறான். இலை உதிர்ந்துவிடாமல் காம்பைக் கிளையோடு சேர்த்துக் கட்டியும் விடுகிறான். மற்ற இலையெல்லாம் விழுந்த பிறகும் அந்தச் சருகுச் சுருள் மட்டும் தொங்கும். அதற்குள் அவன் உறங்குகிறான். நாமோ கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், காய்ந்த குச்சி என்று நறுக்கிவிடுகிறோம்!

ஐந்து சதக் காசில் இருக்கிற பீவரைக் கேளுங்கள். வில்லோப் பட்டையைத் தின்று, கிளையால் அணை கட்டுகிறது. வெட்டிய அடிக்கட்டை மறுபடி தளிர்க்கிறது. தேங்கிய நீரில் தவளையும் வாத்தும் குடியேறுகின்றன. பீவரின் வெட்டு வாழவைக்கிறது, அவையோரே. நம்முடைய வெட்டு அப்படியில்லை. தென் ஒன்ராறியோவில் ஐரோப்பியர் குடியேறுமுன் இருந்த ஈரநிலத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வயலாகவும் வீதியாகவும் வீடாகவும் மாறிவிட்டது. அந்த வீடுகளில்தான் நாமும் இருக்கிறோம். ஆகவே மீதியைக் காக்கும் கடன் நமக்கும் உண்டு.

என் வேண்டுகோள் மூன்று. ஓடைக்கரையில் வீடுள்ளவர்கள் குளிர்காலத்தில் வில்லோவை நறுக்காதீர்கள். நட விரும்பினால் வெளிநாட்டிலிருந்து வந்த தொங்கு வில்லோவை விட்டு, நாட்டுச் செடி விற்கும் நாற்றங்காலில் புசி வில்லோவைக் கேட்டு வாங்குங்கள். வேர் நீரைத் தேடி ஓடும், நிலத்தடிக் குழாய்க்குத் தள்ளி நடுங்கள். கரையைத் துப்புரவாக்கும் திட்டம் மாநகர சபைக்கு வரும்போது, கூட்டத்துக்குப் போய்க் கையை உயர்த்திக் கேளுங்கள்: "எதைத் துப்புரவாக்கப் போகிறீர்கள்?"