விதைக்கென வைத்த நெல்



மேற்குத் தொடர்ச்சி மலையை அடுத்த எங்கள் கான்சாபுரம் வட்டாரத்தில் நெல்லைப் பற்றி அறியாதார் இல்லை. முற்காலத்தில் அறுவடை முடிந்ததும், நல்ல நெல்லில் ஒரு பகுதியை உழவர்கள் வேறாக எடுத்து, வைக்கோலால் பொதிந்து விதைக்கோட்டையாகக் கட்டி வைப்பார்கள். வீட்டிலே பசி வாட்டினாலும் அதில் கை வைக்கமாட்டார்கள். அது உண்பதற்குரியதன்று; விதைப்பதற்குரியது.

கிறிஸ்தவர்கள் 'பிரதிஷ்டை' என்றும், 'வேறுபிரிக்கப்பட்ட வாழ்வு' என்றும் கூறுவதை இந்த விதைநெல்லைக் கொண்டு விளக்குவது எளிது. விவிலியத்தின் மூலமொழிகளுள் ஒன்றாகிய எபிரெயத்தில், 'பரிசுத்தம்' என்பதைக் குறிக்கும் சொல்லுக்கு 'வேறாக எடுத்து வைத்தல்' என்ற பொருளும் உண்டு. ஆனால் எதற்காக வேறாக வைப்பது? இக்கேள்விக்கு விடை காண, இதே நிலப்பகுதியில் வாழ்ந்து மறைந்த ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

அவர் பெயர் தாமஸ் கஜட்டன் ராக்லண்டு. 1815-ஆம் ஆண்டு பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் 1841-ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அங்கே கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஆய்வுறுப்பினர் பதவியும் கிடைத்தது. மதிப்பும் ஓய்வும் நூல்களும் சூழ்ந்த வாழ்வு அது. அதை விட்டு, சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியராக 1846-இல் சென்னை வந்து சேர்ந்தார். சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது.

கேம்பிரிட்ஜை விட்டதோடு அவருடைய துறவு முடிந்துவிட்டது என்று பலர் எண்ணியிருக்கலாம். அவர் அவ்வாறு எண்ணவில்லை. அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில் கிறிஸ்தவ சபைகளும் பள்ளிகளும் பெருகியிருந்தன. திருவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்களைக் கொண்ட வடபகுதியிலோ கிறிஸ்தவர் மிகச் சிலரே. அங்கே ஓரிடத்தில் மாளிகை கட்டிக்கொண்டு மக்கள் வரட்டும் என்று காத்திராமல், மக்கள் இருக்கும் இடத்திற்குத் தாமே செல்லவேண்டும் என்று அவர் துணிந்தார். 1854-இல் டேவிட் பென், ராபர்ட் மெடோஸ் என்ற இரு இளைஞர்களுடன் அப்பணியைத் தொடங்கினார். வீடு இல்லை, கூடாரமே வீடு. ஒரு தோப்பில் கூடாரமடித்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு நடந்து சென்று பேசுவது, பின்பு கூடாரத்தைப் பெயர்த்து அடுத்த இடத்தில் அடிப்பது, இதுவே அவர்கள் வாழ்க்கை. தென்பகுதிச் சபையாரும் தங்கள் செலவிலேயே உபதேசியார்களை முறைவைத்து அனுப்பித் துணை நின்றார்கள்.

ராக்லண்டோ நோயாளி, நுரையீரல் நலிந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. வெயிலிலும் புழுதியிலும் நாலரை ஆண்டு உழைத்து, 1858 அக்டோபர் 22-ஆம் நாள் சிவகாசியில் இரத்தம் கக்கி உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 43. அவர் கண்ணால் கண்ட பலன் சொற்பம்.

இதைக் கேட்கும் உங்களுள் ஒருவர், "கணித மேதை ஒருவரின் வாழ்வு வீணாயிற்றே" என்று கூறலாம். அக்கூற்றை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். கல்லூரியிலேயே இருந்திருந்தால் அவர் பல மாணவர்களை உருவாக்கியிருப்பார். அது உண்மையான இழப்பே. விதைநெல்லும் சோறாகியிருந்தால் சிலர் பசியைத் தீர்த்திருக்கும். அதனால்தான் அதை எடுத்து வைப்பது தியாகமாகிறது. எவருக்கும் பயன்படாத பதரை எடுத்து வைப்பதில் தியாகம் ஏது?

வேறாக வைத்த நெல் மற்ற நெல்லினும் உயர்ந்த இடத்தில் வீற்றிருக்கச் செல்வதில்லை. அது சேற்றுக்குள் செல்கிறது. கோட்டையிலேயே என்றென்றும் கிடந்தால் அந்துப் பூச்சிக்குத்தான் இரையாகும். கடவுளுக்கென்று ஒதுங்கியவரும் மக்களைவிட்டு ஒதுங்கினால் அத்தகையவரே. ராக்லண்டு விலகியது தம் வசதியைவிட்டு, நெருங்கியது மக்களை.

இவ்வழி அயல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. தமிழரான மருத்துவர் ஜேசுதாசனும், ஸ்காத்லாந்து நாட்டு மருத்துவர் பாரஸ்டர் பேட்டனும் 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்து குல ஆசிரமத்தை நிறுவினார்கள். மணம் புரியாமல், கதர் உடுத்து, எளியோருக்கு மருத்துவம் செய்தார்கள். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். ஆண்டவனுக்கென்று வேறுபட்டவர்கள் ஊருக்கு அண்ணன்மார் ஆனார்கள்! ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூர் மண்ணில், தன்னை இறைவனுக்கே உரியவளாக ஒப்படைத்தல் என்பதும் புதிய செய்தி அன்று.

நீங்கள் எச்சமயத்தவராயினும், எத்தொழிலை மேற்கொள்வீராயினும், ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. உங்கள் அறிவிலும் ஆண்டுகளிலும் எப்பகுதியை உண்பதற்கென்று வைக்கிறீர்கள்? எப்பகுதியை விதைப்பதற்கென்று வைக்கிறீர்கள்? விளைச்சலைக் காணும் பேறு விதைத்தவருக்குக் கிடைக்காமலும் போகலாம். ஆயினும் விதைக்க ஒருவரும் இல்லாத ஊரில் அடுத்த ஆண்டு அறுவடை இல்லை.