இரண்டு நிலையத் தொலைவில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் பேச்சாளன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே முன்பதிவுச் சாளரத்தின் பின்னால் அமர்ந்து, இருபது ஆண்டுகளாகப் பிறர் எழுதிய படிவங்களைப் பார்த்துவரும் குமாஸ்தா. பிள்ளைகளின் விஞ்ஞானக் கல்வி பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, "கற்றோர் பலர் இருக்க என்னை ஏன் அழைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "தவறு செய்தவர் எடுத்துச் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்" என்றார். அது உண்மை, ஆகவே வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பெரியவரின் வரலாற்றை நினைவூட்டுகிறேன். 1907-ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஓர் இளைஞர் கல்கத்தாவில் நிதித்துறை உத்தியோகம் ஏற்றார். டிராம் வண்டியில் போகையில் பௌபஜார் தெருவில் ஒரு விஞ்ஞானக் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணிற்பட்டது. இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். அன்று முதல் அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் அங்கேயே ஆராய்ச்சி செய்தார். அவர்தாம் சர். சி. வி. இராமன். 1928 பிப்ரவரி 28-இல் அவர் கண்ட உண்மைக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பலகையை அவ்வழியே சென்ற ஆயிரம் பேர் கண்டிருப்பார்கள். இறங்கிப்போய்க் கதவைத் தட்டியவர் அவர்.

அறிவுள்ள பிள்ளைகளைத் தேடி எடுத்து, ஓரிடத்தில் தங்கவைத்து விஞ்ஞானம் பயிற்றும் முறை உலகில் பல நாடுகளில் உண்டு. 1963-இல் கணித மேதை கோல்மோகோரவ் மாஸ்கோவில் அத்தகைய விடுதிப்பள்ளி ஒன்று தோன்றக் காரணமாயிருந்தார். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் 1980-இல் டர்ஹாம் நகரில் ஒன்றைத் திறந்தது. நம் நாட்டில், எல்லாப் பாடங்களுக்குமான நவோதயா விடுதிப்பள்ளிகள் 1985-86-இல் தொடங்கின. முதலில் திறந்த இரண்டில் ஒன்று இதே மகாராஷ்டிரத்தின் அமராவதியில்தான். ஆயினும் அவற்றில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாத இடங்கள் கிராமப்புறக் குழந்தைகளுக்கு உரியவை. அதுவே நியாயமும் ஆகும். அப்படியானால் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குழந்தைகளுக்கு வழி எது?

துறைமுக மார்க்கத்தில் செம்பூருக்கு அடுத்து கோவண்டி, அதற்கடுத்து மான்குர்த். அங்கே டாட்டா ஆராய்ச்சி ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம் இருக்கிறது. 1974-இல் தோன்றிய இம்மையம், தொடக்க காலத்திலேயே மும்பை மாநகராட்சிப் பள்ளிகளின் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களைத் தேர்ந்து பயிற்சியளித்ததோடு, பாடநூலின் கடின மொழி ஏழைப் பிள்ளைகளுக்குத் தடையாவதையும் ஆராய்ந்தது. இன்று நாடெங்கிலுமிருந்து விஞ்ஞான ஒலிம்பியாடுக்குத் தேர்வாகும் பிள்ளைகள் இங்கே பல நாட்கள் தங்கிப் பயில்கிறார்கள்.

அதற்கு மூன்று படிகள் உண்டு. முதற்படி, இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் வழக்கமாக நவம்பரில் நடத்தும் தேர்வு. அடுத்தது, ஆண்டுத் தொடக்கத்தில் நடைபெறும் தேசியத் தேர்வு. அதில் முன்னிற்கும் சில பத்துப் பேருக்கே மான்குர்த் முகாமில் இடம். அவர்களிலிருந்து இளநிலை விஞ்ஞானத்திற்கு 6 பேர், இயற்பியலுக்கு 5 பேர், வேதியியலுக்கு 4 பேர் என்று தெரிந்தெடுத்து உலகப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். 2025 ஆகஸ்டில் உலக வானியல் ஒலிம்பியாடு நம் மும்பையிலேயே நடந்தது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தபோது, செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள், அந்த முதற்படித் தேர்வுக்கான அறிவிப்புத் தாளைக் கொண்டுவந்தாள். கட்டணம் சில நூறு ரூபாய்தான். அவள் பள்ளியில் தேர்வு மையம் இல்லை; வேறு பள்ளிக்குச் சென்று பதிய வேண்டும். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அதில் அவள் பெயர் ஒருவிதம், பள்ளிப் பதிவேட்டில் மற்றொரு விதம். நமக்கோ தலைப்பெழுத்துத்தான் வழக்கம். இவ்வூர்ப் படிவங்களோ குடும்பப் பெயர் கேட்கின்றன. இந்தத் தொல்லையை அறியாத தமிழர் வீடு இங்கே உண்டா? "பிறகு பார்க்கலாம்" என்று தாளை அலமாரிமேல் வைத்தேன். "கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் என் மனைவி. "இதெல்லாம் லட்சக்கணக்கில் செலவிட்டுப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறவர்களுக்கு. இவள் தேறவா போகிறாள்?" என்றேன். அந்தச் சொல் என் மகளின் காதில் விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. தேதி கடந்துவிட்டது.

சார்ட் தயாரான பின் சாளரத்துக்கு ஓடிவருவோரிடம், "ஐயா, முன்னதாகவே வந்திருக்கக் கூடாதா?" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! என் வீட்டுப் படிவத்திற்கு நானே தாமதமாக வந்தேன்.

மறு ஆண்டு அவளே கேட்டாள்: "படிவத்தை நானே எழுதிக்கொள்கிறேன், அப்பா. நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்." வெட்கத்தோடு ஒரு நாள் விடுப்பெடுத்து, பெயரைத் திருத்துவதற்காகத் தலைமையாசிரியரிடம் சென்றேன். பழைய வினாத்தாள்களை இணையத்திலிருந்து செலவின்றி எடுத்துப் படித்து, நவம்பரில் எழுதினாள். இரண்டாம் படிக்குத் தேறவில்லை. என் சொல்லே பலித்துவிட்டதோ என்று கூனிக் குறுகி நின்றேன். அவளோ அமைதியாக, "சென்ற ஆண்டே எழுதியிருந்தால் இது எனக்கு இரண்டாம் முறையாக இருந்திருக்கும், அப்பா" என்றாள். பத்தாம் வகுப்போடு இளநிலைத் தேர்வின் வாய்ப்பு முடிகிறது. அவள் இழந்த அந்த ஒரு முறையை என்னால் திருப்பித் தர இயலாது.

இப்போது பதினொன்றாம் வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறாள். இயற்பியல் தேர்வுக்குப் பதிந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் காலனிப் பிள்ளைகள் நால்வர் அவளிடம் வந்து அந்தப் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

பெற்றோர்களே! மூன்று வேண்டுகோள்கள். பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் எல்லாச் சான்றுகளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இவ்வாரமே பாருங்கள். இத்தேர்வுகளுக்கு வயது வரம்பு உண்டு. ஜூலை மாதத்திலேயே பள்ளிக்குச் சென்று தேர்வு மையம் எங்கே, கடைசித் தேதி எது என்று கேட்டு, நாட்காட்டியில் குறித்துவையுங்கள். பெண்குழந்தை வெளியில் தங்குவதா என்று தயங்குவோர், பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு நாள் மான்குர்த் வரை சென்று வாருங்கள். தாராவியிலிருந்து போகிறவர்கள் குர்லாவில் வண்டி மாறினால் போதும்.

தேறுவதும் தேறாததும் தேர்வு நடத்துவோர் சொல்ல வேண்டிய தீர்ப்பு. அதைப் படிவம் எழுதும் முன்பே வீட்டில் நாம் சொல்லிவிடலாகாது. பிழைப்புக்காக ஆயிரம் மைல் கடந்து இந்நகருக்கு வந்தவர்கள் நாம். பிள்ளைகளுக்காக இன்னும் இரண்டு நிலையங்கள் போக மாட்டோமா?