முக இரண சிகிச்சையும் மூச்சடைப்பும்

(திருவெறும்பூரில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதத்துச் சொற்பொழிவிற்குப் பொருள் யாதெனக் காரியதரிசியவர்கள் வினவியபோது, யாம் மூக்கடைப்பைப் பற்றிப் பேசக் கருதியுள்ளதாகக் கூறினோம். அவர்கள் நகைத்தனர். தமிழ்ப் பண்டிதர் வாயினின்று காப்பியச் சுவையை எதிர்பார்த்தவர்க்கு நகை தோன்றுதல் இயல்பே. ஆயினும் நம்மவர் இல்லமொன்றில் அண்மையில் நிகழ்ந்ததொரு செய்தி எம்மை இப்பொருளின்கண் உய்த்தது.

தஞ்சை நெடுஞ்சாலை நம் ஊரை ஊடறுத்துச் செல்வது. 1965ஆம் ஆண்டிற் கொதிகலன் ஆலை ஈண்டு நிறுவப்பெற்ற பின்னர் ஊர் வளர்ந்தது. ஊரினும் விரைவாக வண்டிகள் பெருகின. அச்சாலையில் தலைக்கவசமின்றிச் சென்ற இளைஞரொருவர் வீழ்ந்து மேல்தாடை முறிவுற்றார். இரண சிகிச்சை செவ்வனே முடிந்தது. எலும்புகளைத் தகடுகளாற் பொருத்தினர். குருதி கசியாமற் பொருட்டு நாசியினுள் அடைப்புத் துணி செலுத்தினர். மூன்றாம் நாளிரவு, அருகிருந்த அன்னையார் கண்ணயர்ந்த வேளையில், அவ்விளைஞர் மூச்சு முட்டி இறந்துபடுவோம் என்றஞ்சி அத்துணியைத் தம் கையாலேயே பிடுங்கிவிட்டார். குருதி பெருகியது, மீண்டும் அடைப்பு வைக்க நேர்ந்தது, முன்னதினும் இரு மடங்கு துன்பம். அவரை யாம் குறை கூறோம். இரண்டாம் மூன்றாம் நாட்களே மிகக் கொடியவை, அதன்பின் தணியும் என்னும் நான்கு சொற்களை முன்னரே ஒருவர் அவர் செவியில் இட்டிருப்பின் அவர் பொறுத்திருப்பார். எவரும் இட்டிலர். அச்சொற்களை உங்கள்பால் இடுதற்கே இன்று நிற்கின்றோம்.

மேல்வாயின் கூரையே நாசியின் தளமாகும். நாசியின் இரு மருங்கும் கன்னவெலும்பினுள் காற்றறைகள் உள. ஆதலின் மேல்தாடையில் கருவி படின், தாடை மட்டுமன்று, மூச்சு வழியும் புண்படுகின்றது. நாசியின் உட்புறத்து மெல்லிய சவ்வு குருதி நாளங்கள் நிறைந்தது. சிறிய சளி பிடித்தாலே வீங்கி வழியடைப்பது. கத்தி பட்ட பின் வாளாவிருக்குமோ? வீக்கம் இரண்டு மூன்று நாட்கள் ஏறும், பின்னர் இறங்கும். அறைகளில் தேங்கிய குருதி கரு நிறமாய் உறைந்து பல நாட்கள் சிறிது சிறிதாக நாசி வழியும் தொண்டை வழியும் வரும். இரண்டாம் வாரத்தில் மூச்சு ஓரளவு திரும்பும். முற்றும் தெளியப் பல வாரங்களாகலாம். நாசித்தண்டு வளைந்தமைக்காகச் சிகிச்சை பெற்றோர்க்கும், பிறவியில் உதடு பிளந்து தைக்கப்பெற்ற மழலையர்க்கும் அளவில் வேறுபாடுண்டு, இயல்பு ஒன்றே. சுருங்கக் கூறின், இவ்வடைப்பு சிகிச்சை பிழைத்ததன் அடையாளமன்று. புண் ஆறுகின்றமையின் அடையாளம்.

ஈண்டு எம் தொழிலுக்குரிய செய்தியொன்றும் உண்டு. மெல்லெழுத்துக்களுக்குப் பிறப்பிடம் மூக்கென நன்னூலார் வகுத்ததை நாம் பள்ளியில் உருப்போட்டோம். மூக்கடைத்தவன்பால் அதன் உண்மையைக் காணலாம். அவன் வாயில் மகரம் பகரமாகும், நகரம் தகரமாகும். 'அம்மா' என்றழைப்பான், 'அப்பா' என்று கேட்கும். தந்தையார் ஓடி வருவர்! இஃது ஒரு சிறு வேடிக்கை. ஆயினும் நோயாளியின் குரல் மாறியது கண்டு, நாவிற்கோ மூளைக்கோ கேடு வந்ததென்று அழுத குடும்பத்தை யாம் அறிவோம்.

மூக்கினை ஒட்டும் வைத்தியம் நம் நாட்டிற்குப் புதிதன்று. அதன் துன்பமும் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்ட காலத்தில், மைசூர்ப் படையினர் நம் நாட்டுட் புகுந்து கண்டவர் மூக்கையெல்லாம் அரிந்தனர். பின்னர்ப் பழிக்குப் பழியாக நம்மவரும் அதனையே செய்தனர். அதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர். மூக்கிழந்தோர் மலிந்த நாட்டில் மூக்கு வைப்போர்க்குத் தொழில் இல்லாமற் போகுமா? மிகப் பழைய வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை, இலையொன்றை மூக்கின் அளவாக நறுக்கி, அவ்வளவிற்குக் கன்னத்துத் தசையை உரித்து ஒட்டும் முறையைக் கூறுகின்றது. இதனைப் பலரும் எடுத்தோதுவர். எம் கருத்தைக் கவர்ந்தது அதன் பின்னுள்ளது. மூக்கை ஒட்டியவுடன் துளைகளினுள் இரண்டு குழல்களைச் செலுத்துக என்று அந்நூல் விதிக்கின்றது. அதிமதுரம் முதலியவற்றின் பொடியைத் தூவி, வெண்பஞ்சு போர்த்தி, எள்நெய்யாற் பலகால் நனைக்கச் சொல்கின்றது. அழகிய மூக்கு வந்தாற் போதாது, அது மூச்சு விடும் மூக்காதல் வேண்டும் என்னும் கவலை அவ்வாசிரியர்க்கு இருந்தது.

மற்றொன்று. திப்பு சுல்தானுடன் நிகழ்ந்த மூன்றாம் மைசூர்ப் போரில், ஆங்கிலப் படைக்கு மாடோட்டிய கவாஸ்ஜி என்பார் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டு கழிந்த பின் புனாவினருகே செங்கற் சூளைத் தொழிலினர் வகுப்பைச் சேர்ந்த வைத்தியரொருவர், நெற்றித் தோலைக்கொண்டு அவருக்குப் புது மூக்கு அமைத்தார். பம்பாயிலிருந்த ஆங்கில இரண வைத்தியர் இருவர் அம்முறையை நேரிற் கண்டனர். அச்செய்தி 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' இதழில் வெளிவந்தது. அதனைப் படித்த கார்ப்யூ என்பார் 1814இல் லண்டனில் அம்முறையைச் செய்து காட்டினர். பட்டம் பெறாத சூளைக்காரரிடம் சீமை வைத்தியர் பாடங்கேட்ட கதை இது. குலத்தொழிலை இழிவெனக் கருதும் நம் இளைஞர் சிலர் இதனை இருமுறை படித்தல் நலம். நிற்க. அவ்வைத்தியர் தைக்கவில்லை, காசுக்கட்டியை நீரிற் குழைத்துத் துணியிற் பூசி ஒட்டினார், நான்கு நாட்கள் அதனைத் தொடவில்லை, பின்னர் நெய்யில் தோய்த்த துணியிட்டார், பத்தாம் நாள் மெல்லிய துணித் துண்டுகளை நாசித் துளைகளிற் செருகி, வழி தூர்ந்து போகாமற் காத்தார். அக்குழலுக்கும் இத்துணிக்கும் இன்று சிலிக்கோன் தகடு வந்திருக்கின்றது. சிலவற்றில் மூச்சிற்கெனத் துளையும் உண்டு. ஒன்றில் மட்டும் இக்காலத்தார் வேறுபடுவர். புனா வைத்தியர் நோயாளியை ஐந்தாறு நாட்கள் மல்லாத்திக் கிடத்தினார். இன்றோ தலையை உயர்த்துக என்பர்.

தலையை உயர்த்துதலே இல்லத்தார் செய்யக்கூடியவற்றுள் தலையாயது. படுத்தால் மூக்கடைப்பு மிகும், எழுந்தமர்ந்தால் தணியும் என்பதைச் சளி பிடித்த எவரும் அறிவர். இரண்டு மூன்று தலையணைகளை முதுகு முதல் சாய்வாக அடுக்குக. கழுத்தின்கீழ் மட்டும் அடுக்கின் கழுத்து மடிந்து துன்பம் மிகும். சாய்வு நாற்காலியில் உறங்குவதும் நன்றே. முதலிரண்டு நாட்கள் வைத்தியர் இசைவுடன் கன்னத்திற் குளிர்ந்த ஒத்தடம் இடலாம்; பனிக்கட்டியைத் துணியிற் பொதிந்தே வைத்தல் வேண்டும், மரத்த தோல் அதன் கடுமையை உணராதாகலின். வாயால் மூச்சு விடுவோர்க்கு நாவும் உதடும் வறளும். நீரைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்க. உதட்டிற்கு வைத்தியர் தரும் களிம்பு இடுக. விழுங்கும்போது செவியடைப்பதும், இரசமும் மோரும் ஒரே சுவையாய்த் தோன்றுவதும் மூக்கடைப்பின் விளைவுகளே. சமைத்தவரைச் சினவற்க.

மூக்கைச் சிந்துதல் ஆகவே ஆகாது. இதனை அழுத்திக் கூறுகின்றோம். கன்னவெலும்பு முறிந்தவர் சிந்தினால், காற்று முறிவின் வழியே கண்ணின்கீழ்த் தோலுட் புகுந்து கண்ணிமை பந்துபோல் வீங்கும், தொட்டால் நொறுநொறுக்கும். தும்மல் வரின் வாயைத் திறந்து தும்முக. அதன்பொருட்டேனும் அடுக்களையில் மிளகாய் தாளிப்பதைச் சில நாட்கள் ஒத்திவையுங்கள். சாம்பிராணிப் புகையும் வேண்டா. மூக்குப்பொடியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? நொச்சித் தழை ஆவி சளிக்கு நல்லதே, யாமும் பிடித்திருக்கின்றோம். ஆயினும் புதிய புண்ணின்மேல் அவ்வெம்மை படின் குருதி பெருகும். கன்னம் மரத்திருப்பதால் தோல் வெந்தாலும் தெரியாது. வைத்தியர் விதித்த உப்பு நீரே போதும். மருந்துக் கடையில் தாமே வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து, சில நாட்களுக்கு மேல் நீடித்தால் முன்னினும் அடைக்கும் இயல்பினது.

நேர்த்திக்கடனைப் பற்றியும் ஒரு சொல். பிழைத்து வந்த பிள்ளையை மறுவாரமே எறும்பீசர் மலைக்கோ, நானூற்றுக்கு மேற்பட்ட படிகளையுடைய உச்சிப்பிள்ளையார் குன்றிற்கோ அழைத்துச் சென்று, குனிந்து நிலந்தோய வணங்கச் செய்யும் தாய்மாரைக் காண்கின்றோம். படியேறினும் குனியினும் முகத்திற் குருதி பாயும். எறும்பும் வழிபட்ட பெருமான் இரண்டு மாதம் பொறுக்கமாட்டாரா?

தாடைகளைக் கம்பியாலோ இரப்பராலோ பிணித்திருப்பின் காவல் மிகுதியும் வேண்டும். விழுங்கிய குருதி வாந்தியாக வரக்கூடும். அப்போது அவரை மல்லாத்தாது, எழுப்பி முன்புறம் சாய்த்துத் தலையைக் கவிழ்த்துக. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களை மல்லாத்திக் கிடத்தியமையாலேயே மூச்சடைத்துப் பலர் மாண்டனர். முன்சாய்த்து அமர்த்தியோர் பிழைத்தனர். கம்பி வெட்டியோ கத்தரியோ தலைமாட்டிலேயே இருத்தல் வேண்டும்; எதனை எங்ஙனம் வெட்டுவதென்று ஆஸ்பத்திரியினின்று புறப்படுமுன் கேட்டறிக.

நிற்காத குருதி, காய்ச்சல், மூச்சுத் திணறல், பார்வை மங்கல், குனியும்போது நாசியினின்று தெளிந்த நீர் சொட்டுதல், ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குதல் ஆகியவற்றுள் எது காணினும் விடியட்டும் என்றிராமல் உடனே வைத்தியரிடம் செல்க.

இனி நம் வழக்கத்தைப் பற்றி ஒன்று. நோயாளியைக் காணச் செல்வது நம்மவர் பெருங்குணம். ஆயினும் வீங்கிய முகத்தெதிரே நின்று, 'ஐயோ, மூஞ்சி இப்படியாகிவிட்டதே!' என்று புலம்புவது பரிவாகுமோ? அப்போரின்போது, 1917இல் இங்கிலாந்தில் சிட்கப் என்னும் ஊரில் முகச் சிகிச்சைக்கென ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அங்குள்ள சாலையோர இருக்கைகள் சிலவற்றிற்கு நீலவண்ணம் பூசினர். அவற்றில் அமர்ந்திருப்பவர் முகத்தைக் கண்டு திடுக்கிட வேண்டா என்று ஊரார்க்கு அறிவிக்கும் குறிப்பு அது. நம் தெருக்களில் அத்தகைய இருக்கை இல்லை. நாமே முகத்தை அடக்கிக்கொள்ளல் வேண்டும். முதல் வாரத்தில் இருவர்க்கு மேல் செல்லற்க. நோயாளியைப் பேச வைக்கற்க. பெண் பிள்ளையாயின் வரன் பேச்சை எடுக்கவே எடுக்கற்க.

தலைமாட்டை உயர்த்தத் தக்க கட்டிலொன்றைச் சங்கப் பொதுநிதியில் வாங்கி, வேண்டும் இல்லத்திற்கு மாத அளவில் இரவல் தரலாம் என்பது எம் விண்ணப்பம். பொருளாளரவர்கள் விலை விசாரித்து வருவதாகக் கூறியுள்ளனர். அவர்கள் அடுத்த கூட்டத்திற் கணக்கை வைப்பார்களாக.