சத்தம் போடாத கண்டக்டர்

ஹைதராபாத் தார்நாகா பஸ் நிறுத்தத்தில் நின்று ‘கண்டக்டர்’ என்று சொன்னால் டிக்கெட்டும் ‘ரைட் ரைட்’டும்தான் நினைவுக்கு வரும். சிம்பொனி மேடையில் நிற்பவருக்கும் அதே பெயர்தான். அவரும் வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் அவர் சொல்லாமல் வண்டி கிளம்பாது. ஒரு வித்தியாசம்: நூறு பேர் வாசிக்கும் இடத்தில் சத்தமே எழுப்பாத ஒரே ஆள் இவர்.

அப்படி ஒரு கண்டக்டர் ஜுபின் மேத்தா, 1936இல் பம்பாயில் பிறந்த பார்சி. அப்பா மேலி மேத்தா வயலின் கலைஞர், பம்பாய் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையும் டாக்டர் படிப்புக்குத்தான் போனார். வழக்கமான கதை! அதைப் பாதியில் விட்டு, 18 வயதில் இசை படிக்க வியன்னாவுக்குப் போனார்.

அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் கண்டக்டர் பாடம். பெரிய கண்டக்டர்களின் ஒத்திகைக்குள் மாணவர்களை விடமாட்டார்கள். மேத்தாவும் உடன் படித்த க்ளாடியோ அப்பாடோவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பாடகர் குழுவில் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு ஒரு சாக்கு. கண்ணெல்லாம் எதிரே நிற்கும் கராயன், ப்ரூனோ வால்டர் கைகளின் மேல். குரு வீட்டில் எடுபிடி வேலை செய்துகொண்டே பாடம் கேட்ட நம் ஊர்ச் சீடர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

அந்தக் கையில் அப்படி என்ன இருக்கிறது? நம் கச்சேரியில் ரசிகர் தொடையில் தாளம் போடுகிறார்; அது பாட்டோடு போகிற கை. கண்டக்டரின் கை பாட்டுக்கு முன்னால் போகிறது. அடி விழுவதற்குமுன் கை மேலெழும் வீச்சிலேயே காலப்பிரமாணமும் அழுத்தமும் வாத்தியக்காரர்களுக்குத் தெரிந்துவிட வேண்டும். விழுந்தபின் தெரிந்து பயனில்லை.

மேத்தா பார்த்த பதவிகளைச் சொன்னால் நீளும். 1961இல் மொன்றியல், அடுத்த வருடமே லாஸ் ஏஞ்சலஸ், 1978 முதல் 1991 வரை நியூயார்க், 2019 வரை இஸ்ரேல் பில்ஹார்மானிக். எனக்குப் பிடித்தது 1981: நியூயார்க்கில் ரவிசங்கரின் இரண்டாவது சிதார் கன்சர்ட்டோ. எழுதிவைத்ததைப் பார்த்து வாசிக்கும் பெருங்கூட்டம் ஒரு பக்கம், தாளுக்குள் அடங்காத சிதார் மறுபக்கம். இரண்டும் சந்திக்கிற இடம் மேத்தாவின் கைதான்.

2005 டிசம்பர் 26, சுனாமியின் முதலாம் ஆண்டு நினைவு நாளில், பவேரிய அரசு ஆர்க்கெஸ்ட்ராவோடு சென்னை மியூசிக் அகாடமிக்கும் வந்து கச்சேரி நடத்தினார்.

வானொலியில் கண்டக்டர் தெரியமாட்டார். கைதட்டல் அடங்கி முதல் ஸ்வரம் வருமுன் ஒரு நொடி அமைதி கேட்கும், கவனியுங்கள். கை அப்போதுதான் மேலே போய்க்கொண்டிருக்கும்.