தொழிற்கல்வி கற்ற மாணாக்கரும் சொந்தத் தொழிலும்

(அணைக்கட்டு வட்டாரத்துப் பெற்றோர்க்கும் மாணாக்கர்க்கும் செய்த பிரசங்கம்)



தொழிற்பயிற்சி நிலையத்தில் தேறி வெளிவரும் பிள்ளையை நோக்கி, "மேலே என்ன செய்யப்போகிறாய்?" என்று வினவினால், "ஆம்பூரிலோ இராணிப்பேட்டையிலோ கம்பெனியில் சேருவேன்" என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. சொந்தத் தொழில் நடத்துவேன் என்பவர் சிலரே. இதனைக் கண்டு, நம் பிள்ளைகளுக்கு ஊக்கமில்லை, துணிவில்லை என்று குறை கூறுவோர் உளர். நான் அதனை ஒப்புவதில்லை. பிள்ளைகள் கணக்குப் பார்த்தே பேசுகின்றனர். மலையடிவாரத்தில் மழையை நம்பி உழும் குடும்பத்திற்கு, மாதந்தவறாமல் வரும் சம்பளமே கடைக்காரரிடத்தும் வட்டிக்காரரிடத்தும் நாணயத்தைக் காப்பது. அதனைக் கைவிட்டுத் தாயின் நகையை அடகு வைக்க ஒருவன் தயங்குவானாயின் அது கோழைத்தனமன்று.

மற்றொரு காரணமும் உண்டு; அதுவே முக்கியமானது. இந்தத் தோல் சீமையில் தொழில் பல கூறாகப் பிரிந்து கிடக்கிறது. ஒருவர் தோலை வெட்டுவார், ஒருவர் ஓரத்தைச் சீவுவார், ஒருவர் தைப்பார், ஒருவர் அச்சுக்கட்டையில் ஏற்றுவார். பத்தாண்டு உழைத்தவரும், தாம் தைத்த ஷூ என்ன விலைக்குப் போயிற்று, தோல் யாரிடம் வாங்கப்பட்டது, சரக்கு அனுப்பி எத்தனை நாளில் பணம் வந்தது என்பவற்றை அறியார். கை தேறுகிறது, வியாபாரம் தேறுவதில்லை. தையற் பகுதியில் மிகுதியாக உள்ள பெண்மக்களின் நிலையும் இதுவே.

முற்காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு அரைப்பதன் செய்த தோல் இலண்டன் நகருக்குக் கப்பலேறியது. 1970-களில் சர்க்கார் அவ்வேற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின் ஷூவும் பையும் செய்யும் ஆலைகள் பெருகின. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி, பாலாற்றுப் பகுதியின் தோல் சாலைகளைக் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரையும் நிலத்தையும் கெடுத்தவரே அதற்கு ஈடு கொடுக்கவேண்டும் என்றும், கழிவுநீரைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும் என்றும் அதில் விதிக்கப்பட்டது. கெட்ட கிணறுகளைக் கண்டவர் எவரும் அத்தீர்ப்பைக் குறை சொல்லார். ஆயினும், சிறு கைம்முதலுடன் பதனிடும் சாலை தொடங்குவது இனி எளிதன்று. ஆதலின் நம் பிள்ளைகள் நுழையத்தக்க வாயில்கள் வேறு. பதனிட்ட தோலை வாங்கிப் பணப்பை, இடைவார் முதலியன செய்யலாம்; பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க்காக ஷூவின் மேற்பாகத்தைத் தைத்துக் கொடுக்கலாம்; பிட்டர், எலெக்ட்ரீஷியன் படித்தவர் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கலாம்.

முதலுக்கு வழியில்லாமல் இல்லை. 2012-இல் தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்படுத்திய 'நீட்ஸ்' திட்டத்தில் பட்டதாரிகளோடு ஐ.டி.ஐ. தேறியவரும் சேர்க்கப்பட்டனர். இவ்வகைத் திட்டங்களின் விவரத்தை வேலூரிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். ஆனால் கடன் கிடையாமையினும் பெரிய இடர், செய்த வேலைக்குப் பணம் வாராமையே. கூலியாட்களுக்கு வாரந்தோறும் கொடுத்துவிட்டு, ஆலையிலிருந்து மாதக்கணக்கில் பணம் வாராமல் பட்டறையைப் பூட்டியவர் கதையே நம் ஊர்களில் பலரை அஞ்சச் செய்கிறது.

இதற்கு 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழிற் சட்டத்தில் பரிகாரம் உண்டு. எழுத்தில் தவணை குறித்திருந்தாலும் அது 45 நாட்களுக்கு மேற்படலாகாது. ஒப்பந்தமே இல்லையெனில் 15 நாட்களில் பணம் செலுத்தவேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கி அறிவிக்கும் பாங்கி வட்டிவீதத்தின் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். முதற்சரக்கு அனுப்புமுன்பே உத்யம் பதிவைச் செய்துகொள்வதும், ஒவ்வொரு சரக்குக்கும் ஒப்புக்கொண்ட தேதியைக் கையெழுத்துடன் வாங்கி வைப்பதும் அவசியம். இச்சட்டத்தைக் காட்டி முறையிட்டால் அடுத்த ஆர்டர் வாராதே என்பீர்கள். உண்மைதான், ஆகையால் ஒரே ஆலையை நம்பியிராமல் இரண்டு மூன்று இடங்களில் வேலை பிடிக்கவேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சைக்கு முன்பு ஒவ்வொரு மாணாக்கரும் ஒரு சிறு ஆர்டரின் மூன்று மாதக் கணக்கை எழுதிக் காட்டட்டும்: தோல், நூல், மின்சாரம், கூலி, வாடகை, பணம் வரும் நாள். எழுதிப் பார்த்தபின் கம்பெனி வேலையே நலம் என்று ஒருவர் முடிவு செய்தால் தடுக்கவேண்டா. அங்கே இரண்டாண்டு இருக்கட்டும். தம் இயந்திரத்தோடு நில்லாமல், கொள்முதல் செய்வோரிடமும் சரக்கு அனுப்புவோரிடமும் விலையையும் தவணையையும் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வரட்டும்.